டைவிங் வாட்ச்: மெஷினுக்கு முன் கேஸைப் பாருங்கள்

கடையில் ஆட்டோமேட்டிக் டைவிங் வாட்ச் வேண்டும் என்று கேட்டால், விற்பவர் முதலில் பேசத் தொடங்குவது மெஷினைப் பற்றித்தான். ஜப்பான் மெஷினா, எத்தனை கல் வைத்தது, பின்பக்கக் கண்ணாடி வழியாக அது ஆடுவது தெரியுமா என்பதில் பாதிப் பேச்சு போய்விடும். அடுத்து டயலில் அச்சடித்த ஆழம் வரும்: 200 மீட்டர், 300 மீட்டர். பிறகு சஃபையர் கண்ணாடி, டயலைச் சுற்றியுள்ள செராமிக் பெசல் வளையம். தண்ணீர் உள்ளே போகாமல் எது தடுக்கிறது, அதை யார் எப்படிச் சோதித்தார்கள், நாளை அந்த அடைப்பு தளர்ந்தால் யாரிடம் கொண்டுபோவது என்ற கேள்விகள் பெரும்பாலும் எழுவதே இல்லை. டைவிங் வாட்ச் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியவை இவைதான். 20,000 முதல் 50,000 ரூபாய் வரையிலான விலையை இந்த அத்தியாயத்தின் எல்லையாக வைத்துக்கொள்வோம். அந்த எல்லைக்குள் மெஷின்களுக்கிடையே பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. கேஸ், கிரவுன் (நேரம் வைக்கும் திருகு), ரப்பர் வாஷர், சோதனை ஆகியவற்றில்தான் ஒரு வாட்சுக்கும் இன்னொன்றுக்கும் உண்மையான வித்தியாசம் இருக்கிறது. கொடுக்கும் காசு அங்கே போய்ச் சேர வேண்டும்.

மெஷின் ஏன் இரண்டாம் பட்சம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். சீக்கோவின் பிராஸ்பெக்ஸ் வரிசையில் இந்த விலையில் கிடைக்கும் டைவிங் வாட்சுகள் பலவற்றில் 4ஆர்36 என்ற மெஷின் இருக்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த என்எச்35 மெஷினை சீக்கோ மற்ற கம்பெனிகளுக்கும் விற்கிறது. இன்விக்டாவிலிருந்து சீனாவின் சான் மார்ட்டின் வரை எத்தனையோ பிராண்டுகளின் உள்ளே ஓடுவது அதுதான். சிட்டிசன் தன் மியோட்டா மெஷின்களைப் போடுகிறது. ஓரியன்ட் தானே செய்த எஃப்6922 மெஷினைப் போடுகிறது. எல்லாமே மணிக்கு 21,600 முறை துடிப்பவை. கழற்றி வைத்தால் 40 மணி நேரத்தை ஒட்டி ஓடி நிற்பவை. நேரம் காட்டும் துல்லியத்தில் சிறு வேறுபாடு உண்டு. 4ஆர்36 ஒரு நாளில் 45 நொடி வரை முந்தலாம், 35 நொடி வரை பிந்தலாம் என்று சீக்கோவே வரம்பு சொல்கிறது. ஓரியன்டின் வரம்பு இதைவிடக் குறுகியது. நாளுக்கு 45 நொடி தவறும் வாட்சை நம்பிக் கடலில் இறங்கலாமா என்று கேட்பவர்களுக்குக் கணக்கே பதில் சொல்லும். அவ்வளவு முந்தும் வாட்சைக் கட்டிக்கொண்டு 50 நிமிடம் நீருக்கடியில் இருந்தால், அந்த நேரத்தில் சேரும் பிழை ஏறத்தாழ ஒன்றரை நொடி. நீர்மூழ்குபவர் அளப்பது நிமிடங்களை. அந்த வேலைக்கு இந்த விலையில் உள்ள எந்த மெஷினும் போதும்.

மெஷின் சாதாரணமாக இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. என்எச்35 பழுதானால் அதை முழுதாகக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்துவது பல சமயம் பழுது பார்ப்பதைவிட மலிவாக முடியும். ஊரில் கைதேர்ந்த மெக்கானிக்குகள் பலருக்கு இந்தக் குடும்பத்து மெஷின் நன்றாகப் பழக்கம். கேஸ் அப்படியல்ல. அதன் மரையும், கிரவுன் குழாயும், பின்மூடி உட்காரும் விளிம்பும் உப்பில் அரித்துப்போனால் வாட்சின் கதை முடிந்தது. மாற்றக்கூடிய பொருளுக்கு அதிகமாகவும் மாற்ற முடியாத பொருளுக்குக் குறைவாகவும் காசு கொடுப்பதில் நியாயம் இல்லை.

இனி ஆழ எண். நீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சுமார் 1 பார் அழுத்தம் கூடுகிறது. பொழுதுபோக்குக்காக மூழ்குபவர்களுக்குப் பயிற்சி அமைப்புகள் வகுத்திருக்கும் எல்லை 40 மீட்டர். முதல் கட்டச் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான். அந்தமானிலோ நேத்ராணியிலோ புதுச்சேரிக் கடலிலோ இறங்குபவரின் மணிக்கட்டில் ஏறும் கூடுதல் அழுத்தம் 4 பாரைத் தாண்டாது. அப்படியானால் 200 மீட்டர் எதற்கு? நீந்தும்போது கையை வீசுவதால் அழுத்தம் பல மடங்காகிறது, அதனால்தான் அவ்வளவு தேவை என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. அது சரியில்லை. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கை நீரைக் கிழித்தாலும் அதனால் கூடும் அழுத்தம் 0.125 பார்; ஒன்றேகால் மீட்டர் கூடுதல் ஆழத்தில் இருப்பதற்குச் சமம். உண்மையான காரணம் ரப்பர். புதிதாக இருக்கும்போது 200 மீட்டர் தாங்கிய வாஷர், வியர்வையும் உப்பும் சோப்பும் வெயிலும் பட்டு நாளடைவில் இறுகிப்போகிறது. வீட்டுக் குக்கர் கேஸ்கெட்டுக்கு நடப்பதுதான் இங்கும் நடக்கிறது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். 200 என்ற எண்ணில் பெரும்பகுதி இந்தத் தேய்மானத்துக்கான கையிருப்பு. 300 என்று அச்சடித்த வாட்சின் வாஷரும் அதே போல இறுகத்தான் செய்யும். ஆகவே 200க்கும் 300க்கும் உள்ள வேறுபாட்டைவிட, அந்த 200 எப்படி உறுதி செய்யப்பட்டது என்பதே முக்கியம்.

அதற்கென ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது: ஐஎஸ்ஓ 6425. 1982இல் முதலில் வந்து 1996லும் 2018லும் திருத்தப்பட்டது. டைவிங் வாட்ச் என்ற பெயருக்குக் குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும் என்பதோடு அது நிற்பதில்லை. அச்சடித்த ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதலான அழுத்தத்தை வாட்ச் தாங்க வேண்டும். 200 மீட்டர் வாட்ச் என்றால் 25 பார். உப்பு நீரில் ஊறவைத்துச் சோதிக்க வேண்டும். 40 டிகிரி நீரிலிருந்து 5 டிகிரி நீருக்கும், அங்கிருந்து மறுபடி 40 டிகிரிக்கும் மாற்றிப் பார்க்க வேண்டும். இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து நேரமும், வாட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். நீர் உள்ளே போனதா என்று கண்டுபிடிக்கும் முறை மிக எளிமையானது. வாட்சை 40 டிகிரிக்கு மேல் சூடாக்கி, கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீரை விடுவார்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்க்கும்போது கண்ணாடியின் உட்பக்கம் பனி படர்ந்திருந்தால் அந்த வாட்ச் தேறவில்லை. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், நீர் அழுத்தச் சோதனையை ஒவ்வொரு வாட்சுக்கும் தனித்தனியாகச் செய்தாக வேண்டும் என்பது. சாதாரண ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ வாட்சுகளுக்கான ஐஎஸ்ஓ 22810 தரத்தில் மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துச் சோதித்தால் போதும். உங்கள் கைக்கு வரும் வாட்ச் தண்ணீரைப் பார்த்ததா இல்லையா என்ற வித்தியாசம் இது.

இதை டயலிலேயே படித்துத் தெரிந்துகொள்ளலாம். தரத்துக்கு உட்பட்ட வாட்சில் ‘டைவர்ஸ் 200எம்’ என்று இருக்கும். வெறும் ‘வாட்டர் ரெசிஸ்டன்ட் 200எம்’ என்றோ 20 பார் என்றோ இருந்தால் அது வேறு வகை. தோற்றம் இந்த விஷயத்தில் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு சீக்கோவிடமே உதாரணம் கிடைக்கிறது. 1996இல் வந்த எஸ்கேஎக்ஸ்007 உண்மையான டைவிங் வாட்ச்: 200 மீட்டர், திருகி மூடும் கிரவுன், தடித்த பின்மூடி. 2019இல் அதன் காலம் முடிந்தபோது, ஏறக்குறைய அதே முகத்தோடு சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் வரிசை வந்தது. மெஷினில் அது ஒரு படி மேல்: சாவி கொடுக்கலாம், நேரம் வைக்கும்போது நொடி முள் நிற்கும், பின்பக்கக் கண்ணாடி வழியாக மெஷின் தெரியும். ஆனால் 100 மீட்டர்தான், கிரவுன் திருகி மூடுவதில்லை, டயலில் டைவர்ஸ் என்ற சொல்லும் இல்லை. சீக்கோ இதில் எதையும் மறைக்கவில்லை. அது அன்றாடம் கட்டுவதற்கான வாட்ச். மெஷினையும் முகத்தையும் மட்டும் பார்த்து வாங்குபவர் இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்.

ஐஎஸ்ஓ பெயர் இல்லாத வாட்ச் எல்லாம் மட்டமா என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. மட்டம் இல்லை. ஓரியன்ட் கமாசுவை எடுத்துக்கொள்ளுங்கள். 200 மீட்டர், திருகி மூடும் கிரவுன், சஃபையர் கண்ணாடி, அடக்கமான அளவு; டயலில் டைவர்ஸ் என்று இல்லை. நீச்சலுக்கும் முகமூடியோடு மேல்மட்டத்தில் மிதந்து பார்ப்பதற்கும் அது தாராளமாகப் போதும், இந்த விலையில் தரமான வாட்சும்கூட. ஆனால் அதைக் கட்டிக்கொண்டு 30 மீட்டருக்கு இறங்க நினைப்பவர், தொழிற்சாலை கொடுக்காத உறுதியைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். அழுத்தச் சோதனைக் கருவி வைத்திருக்கும் சர்வீஸ் சென்டரில் ஒருமுறை சோதித்து வாங்கிக்கொண்டால் அந்தக் குறை நீங்கிவிடும். சிறு பிராண்டுகளுக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு வாட்சையும் சோதித்தோம் என்று எழுத்தில் சொன்னால் நல்லது, சொல்லாவிட்டால் கேளுங்கள்.

அந்தச் சிறு பிராண்டுகளின் தரப்பில் இன்னொரு வாதம் வைக்கப்படுகிறது: அதே விலைக்கு 300 மீட்டர், சஃபையர், செராமிக், போதாததற்கு ஹீலியம் வால்வு வரை கிடைக்கும்போது பெரிய கம்பெனியின் மினரல் கண்ணாடிக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? சஃபையரைப் பொறுத்தவரை இது சரியான வாதமே. மோஸ் அளவுகோலில் சஃபையரின் கடினம் 9, கடற்கரை மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7, மினரல் கண்ணாடி அதற்கும் கீழே. மணல் பட்டால் மினரல் கண்ணாடியில் கீறல் விழும், சஃபையரில் விழாது. ஆனால் கீறல் விழுந்த கண்ணாடியோடும் பத்திரமாக மூழ்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹீலியம் வால்வோ நம்மில் யாருக்கும் தேவைப்படாத பொருள். அழுத்த அறைக்குள் நாட்கணக்கில் ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசித்து வேலை செய்யும் தொழில்முறை மூழ்கிகளின் வாட்சுக்குள் அந்த வாயு நுழைந்துகொள்ளும். மேலே வரும்போது உள்ளிருந்து தள்ளிக் கண்ணாடியைப் பெயர்த்துவிடும். வால்வு அதை வெளியேற்றுவதற்காக. ஹிரோஷிமா பகுதியின் குரே நகரைச் சேர்ந்த மூழ்கி ஒருவர் 1968இல் இந்தத் தொல்லையைச் சொல்லி சீக்கோவுக்குக் கடிதம் எழுதினார். இகுவோ தொகுனாகா தலைமையில் ஏழு ஆண்டு உழைத்து 1975இல் வந்த 600 மீட்டர் வாட்சில் வால்வு வைக்கவில்லை. பின்மூடியே இல்லாத ஒரே துண்டு டைட்டானியம் கேஸ் செய்து, கண்ணாடியைச் சுற்றி ‘எல்’ வடிவ வாஷரைப் பொருத்தி, ஹீலியம் உள்ளே நுழையும் வழியையே அடைத்தார்கள். டைவிங் வாட்ச் வரலாற்றின் பெரிய முன்னேற்றங்களுள் ஒன்று நடந்தது கேஸிலும் ரப்பரிலும்தான். மலிவு வாட்சின் பக்கவாட்டில் வால்வு இருந்தால், கேஸில் கூடுதலாக ஒரு துளை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோமேட்டிக் என்பதும் கேஸோடு சேர்ந்த விஷயம். சாவி கொடுக்கும் வாட்சில் தினமும் கிரவுனைத் திருகித் திறந்து, சாவி கொடுத்து, மறுபடி மூட வேண்டும். அந்த மரையும் உள்ளே இருக்கும் வாஷரும் நாளுக்கொரு முறை தேயும். கை அசைவில் தானே முறுக்கிக்கொள்ளும் வாட்சில் கிரவுனைத் தொடவே தேவையில்லை. அதனால் ஆட்டோமேட்டிக்கை வாங்கிவிட்டு ஆசைக்கு தினமும் சாவி கொடுப்பது அதன் பயனைக் கெடுத்துக்கொள்வதாகும். மூடும் முறையும் முக்கியம். கிரவுனை மெல்ல அழுத்திக்கொண்டு முதலில் இடப்பக்கம், அதாவது திறக்கும் பக்கம், மெதுவாகச் சுற்றுங்கள். மரையின் தொடக்கம் சந்திக்கும் இடத்தில் விரல் நுனியில் சின்னதாக ஒரு ‘டக்’ உணர்வு வரும். அதன் பிறகு வலப்பக்கம் திருப்பினால் நேராக ஏறும். எடுத்த எடுப்பில் வலப்பக்கம் திருகினால் மரை குறுக்கே ஏறிக் குழாய் கெட்டுவிடும். கடையில் புது வாட்சைப் பார்க்கும்போதே இப்படி இரண்டு முறை திறந்து மூடிப் பாருங்கள். நறநறவென்று ஏறினால் அந்தத் துண்டை வாங்காதீர்கள். அதே மாடலில் வேறொன்று கேளுங்கள்.

பெசலையும் அதே இடத்தில் சோதியுங்கள். பெசல் இடஞ்சுழியாக மட்டுமே சுற்ற வேண்டும். இறங்கும் நேரத்தில் முக்கோணக் குறியைப் பெரிய முள்ளுக்கு நேராக வைத்தால், பிறகு முள் காட்டும் எண்தான் கழிந்த நிமிடம். இடையில் எதிலாவது இடித்து பெசல் நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும். மூழ்கியவர் சீக்கிரம் மேலே வருவார், தாமதிக்க மாட்டார். பாடி (PADI) என்ற பயிற்சி அமைப்பின் அட்டவணைப்படி முதல் மூழ்கலுக்கு 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் வெறும் 20 நிமிடம்தான் அனுமதி என்பதை நினைத்துக்கொண்டால் இந்த ஒருவழிப் பெசலின் அருமை தெரியும். ஈரக்கையால் பிடித்துச் சுற்ற வருகிறதா, விட்ட இடத்தில் ஆடாமல் நிற்கிறதா, முக்கோணம் 12க்கு மிகச் சரியாக நேரே வருகிறதா என்று பாருங்கள். இந்த விலையில் அரை நிமிடம் விலகி நிற்கும் பெசல்கள் அரிதல்ல. நல்ல பெயர் உள்ள கம்பெனிகளிலும் உண்டு. பிறகு கடை விளக்கின் கீழ் ஒரு நிமிடம் காட்டி, இரு கைகளாலும் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பாருங்கள். சின்ன முள்ளையும் பெரிய முள்ளையும் ஒரே பார்வையில் பிரித்தறிய முடிய வேண்டும். நொடி முள்ளில் ஒளிரும் பொட்டு ஒன்று நகர வேண்டும். வாட்ச் நின்றுவிடவில்லை என்பதற்கு இருட்டில் அதுதான் சாட்சி. நிறத்தில் மயங்க வேண்டாம். நீருக்குள் முதலில் மறைவது சிவப்பு. 10 மீட்டருக்குள்ளேயே அது மங்கிக் கருமைக்குப் போகும்.

அளவைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. கேஸின் விட்டத்தைவிடப் பட்டை மாட்டும் கொம்புகளின் நுனிக்கு நுனி தூரத்தைப் பாருங்கள். அது மணிக்கட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சீக்கோவின் டர்ட்டில் 45 மில்லிமீட்டரை ஒட்டிய அகலம் கொண்டது, ஆனாலும் கொம்புகள் குட்டை என்பதால் நடுத்தரக் கையிலும் உட்காரும். சிட்டிசன் என்ஒய்0040இல் கிரவுன் 8 மணிப் பக்கம் இருக்கிறது, புறங்கையில் குத்தாது, இடிபடாது. இந்த இரண்டும் ‘டைவர்ஸ் 200எம்’ வகை. இந்த விலையில் உண்மையாகவே மூழ்கப் போகிறவருக்கு முதலில் சொல்லத் தகுந்தவை இவைதான்.

இன்று மூழ்குபவர் எல்லோரும் டைவ் கம்ப்யூட்டர் கட்டுகிறார்களே, வாட்ச் எதற்கு என்பது வலுவான ஆட்சேபம். ஆழம், நேரம், உடலில் சேரும் நைட்ரஜன் கணக்கு எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்கிறது. வாட்சால் அது முடியாது. கம்ப்யூட்டரா வாட்சா என்று ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், யோசிக்காமல் கம்ப்யூட்டரை வாங்குங்கள். வாட்ச் அதற்குத் துணை: கம்ப்யூட்டர் நின்றுபோனால் எவ்வளவு நேரம் கீழே இருந்தோம் என்று சொல்லும், 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வருவதை அளந்து கொடுக்கும். துணைக்கு வைத்திருப்பது கைவிடாமல் இருக்க வேண்டும் என்பதால் மறுபடியும் கேஸின் உறுதிக்கே வருகிறோம். ஒளியில் சார்ஜ் ஆகும் குவார்ட்ஸ் டைவிங் வாட்ச் ஆட்டோமேட்டிக்கைவிட மலிவு, துல்லியம், வருடக்கணக்கில் திறக்கவும் வேண்டாம் என்பதும் மறுக்க முடியாத உண்மை. மூழ்குவதற்காக மட்டும் வாங்குபவருக்கு அதுவே பொருத்தம். பேட்டரி மாற்றும் சாதாரண குவார்ட்ஸ் வேறு விஷயம். சில வருடங்களுக்கு ஒருமுறை பின்மூடி திறக்கப்பட்டே தீரும். ஆட்டோமேட்டிக்கைத் தேர்ந்தெடுப்பவர் மூழ்காத நாட்களிலும் அதைக் கட்டப் போகிறவர், பேட்டரியும் சர்க்யூட்டும் இல்லாத, இருபது வருடம் கழித்தும் பழுது பார்க்கக்கூடிய ஒரு பொருளை விரும்புபவர். அந்த விருப்பத்துக்கு நல்ல அடைப்பு இன்னும் அவசியம், ஏனென்றால் உள்ளே போகும் ஒரு துளி உப்பு நீர் மெஷினின் எஃகுப் பாகங்களைத் துருவாக்கிவிடும்.

பழைய வாட்சில் இந்த ஆபத்து அதிகம். உற்பத்தி நின்ற எஸ்கேஎக்ஸ் மாதிரியான வாட்சுகள் கைமாறி வருகின்றன. மறுபடி வர்ணம் அடித்த டயலும் வெளியார் செய்த கண்ணாடியும் போட்டுப் புதிது போலாக்கி விற்பவையும் நம் சந்தையில் நிறைய. டயலில் 200 மீட்டர் என்று எழுதியிருப்பது அந்த வாட்ச் தொழிற்சாலையை விட்டு வந்த நாளைப் பற்றிய செய்தி மட்டுமே. ஒருமுறை பின்மூடி திறக்கப்பட்டால், வாஷரை மாற்றி, சிலிகான் கிரீஸ் தடவி, அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும் வரை அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. தேதி ஓடவில்லை என்று பக்கத்துக் கடையில் பத்து நிமிடம் திறந்து மூடிய புது வாட்சுக்கும் இது பொருந்தும்.

ஆகவே கையில் உள்ள பணம் முழுவதையும் வாட்சிலேயே போட்டுவிடாதீர்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுக்குள் வாஷர் மாற்றவும் அழுத்தச் சோதனை செய்யவும் ஆகும் செலவை இப்போதே ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியில் எந்த மாடல் அடங்குகிறதோ அதை வாங்குங்கள். வாங்கும் முன் ஒரு போன் செய்து, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் உங்களுக்கு எட்டும் தூரத்தில் எங்கே இருக்கிறது, அங்கே அழுத்தச் சோதனைக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். கடலில் இறங்கிவந்த ஒவ்வொரு முறையும், கிரவுன் மூடியிருப்பதைப் பார்த்துக்கொண்டு நல்ல தண்ணீரில் அலசி, பெசலை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே தங்கிய உப்பைக் கழுவிவிடுங்கள். கண்ணாடியின் உட்பக்கம் என்றைக்காவது பனி படர்ந்தால், தானாகக் காயட்டும் என்று வெயிலில் வைக்காமல் அன்றைக்கே சர்வீஸுக்குக் கொடுங்கள்.